உடும்பின் விளக்கை எடுத்த மூன்று நாட்கள்

1. சேலைப்பெட்டியில் வந்த பேஷண்ட்

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை எங்கள் வார்டில் ஒரே ஒரு பேஷண்ட்தான் இருந்தது. இரண்டேமுக்கால் கிலோ எடையுள்ள ஓர் உடும்பு. அன்று முற்பகலிலேயே இரண்டாவதும் வந்து சேர்ந்தது. ஐம்பத்தைந்து கிராம் எடையுள்ள ஓர் ஆறுமணிக் குருவி. இரண்டில் எதற்குச் சூடு அதிகம் தேவை என்று அன்று யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் குருவிக்கு என்று சொல்லியிருப்பேன். யோசிக்காமல் சொல்லியிருப்பேன் என்பதால்தான் இந்தக் குறிப்பை எழுத வேண்டியிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் காட்டுயிர்களுக்குச் சிகிச்சை தரும் ஒரு சின்ன மையத்தில் நான் ட்ரீட்மென்ட் அசிஸ்டென்ட். விலங்கியல் படித்தவள். டாக்டர் எழுதும் மருந்தை அளந்து எடுத்துக் கொடுப்பது, தீனி உள்ளே போனதா, போனது வெளியே வந்ததா என்று பார்ப்பது, எல்லாவற்றையும் ட்ரீட்மென்ட் ஷீட்டில் எழுதுவது, இவை என் வேலை. டாக்டர் ரெம்யா என்னைவிட நான்கு வயது மூத்தவர், மலையாளி. நாமக்கல்லில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மலையாளம் கூடும். கூண்டுகளைக் கவனிக்கும் ஜெஸ்டின் மார்த்தாண்டத்துக்காரர். மூன்று பேரும் ஒரு கட்டடமும், அவ்வளவுதான்.

அன்று காலை நான் பையைக்கூட வைக்கவில்லை, வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி. உடும்பு அவருடைய குடோனில் அடிபட்டது. நான் வருவதற்கு நான்கு நாட்களுக்கு முன் அவரே அதைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

"யம்மா, அது உசுரோட இருக்குல்லா?" என்றார்.

"இருக்கு அண்ணாச்சி. வால் பக்கம் சீழ் பிடிச்சிருக்குன்னு டாக்டர் நேத்தே போன்ல சொன்னார். ஊசி போயிண்டிருக்கு."

"ஷட்டரை சடார்னு விட்டுட்டான் ஒரு பய. வாலு மாட்டிக்கிட்டு. அம்மாம் பெரிய சீவன் ஒரு சத்தம் போடலியே. நமக்கு விரல் நசுங்கினா ஊரைக் கூட்டிருவோம்."

"அது கத்தாது அண்ணாச்சி. கிட்டப் போனா சீறும், அவ்வளவுதான்."

"லோடு எறக்குத ரெண்டு பேரு கறிக்கு ஆகும் மொதலாளின்னு நிக்கானுவ. நான் சொன்னேன், ஜெயில்ல களி திங்கப் போறியா, இதைத் தூக்கி ஆட்டோல வைக்கப் போறியான்னு." கம்பி வலை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். உடும்பு விளக்கின் கீழே தாடையைத் தரையில் வைத்துக் கிடந்தது. "பெரிய ஒடம்பு. தாங்கிரும், இல்லையாம்மா?"

"தாங்கிடும்" என்றேன்.

பத்தரை மணிக்குப் பழவங்காடிப் பக்கத்து ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், சேலை வரும் அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். "சேச்சி, கடைக் கண்ணாடில வந்து இடிச்சு. வெள்ளம் குடுத்துப் பார்த்தேன், குடிச்சில்ல" என்றாள். பெட்டிக்குள் பச்சை முதுகும் கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டையுமாக ஆறுமணிக் குருவி. மழைக்காலம் திரும்பும்போது வடக்கிலிருந்து வந்து இங்கே மரங்களுக்கு அடியில் பூச்சி பொறுக்கி வாழும் காட்டுப் பறவை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கூப்பிடுவதால் தமிழில் இந்தப் பெயர். வந்து இறங்கும் நாட்களில் நகரத்துக் கண்ணாடிகளில் முட்டிக்கொள்ளும். வருடா வருடம் எங்களுக்கு இரண்டு மூன்று வரும்.

டாக்டர் அதன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "தலைல அடி. இருட்டு, சத்தமில்லாத இடம். மூடி வெச்சா மூடினதுதான், திறக்கண்டா. ரெண்டு மணிக்கூர் கழிச்சு நான் பார்க்கறேன்."

அந்தப் பெண் போகும்போது, "பிழைக்குமா சேச்சி?" என்று கேட்டாள். அண்ணாச்சிக்குச் சொன்ன பதிலை அவளுக்கு என்னால் சொல்ல முடியவில்லை. பார்க்கலாம் என்றேன்.

2. ஒரே மேசை, இரண்டு உடம்பு

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரே அறையில் இருப்பதால் இரண்டு பேஷண்டும் ஒரே விதமாக வாழவில்லை என்பது. நான் இதைப் பரீட்சைக்குப் படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள்.

உடும்பு ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நம்மைப் பயமுறுத்தும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொள்ளும். குருவியின் மூச்சை எண்ணவே முடியாது, மார்பு நடுங்குவது போலத்தான் தெரியும். உடும்புக்கு இரண்டு வாரம் தீனி இல்லாவிட்டாலும் உயிர் போகாது. குருவியை அரைநாள் பட்டினி போட்டால் அதன் நெஞ்செலும்பு கத்திபோலக் கையில் தட்டும். உடும்புக்கு மூன்று நாளைக்கு ஓர் ஊசி போதும், உள்ளே போன மருந்து அத்தனை மெதுவாகத்தான் கரையும். அதே மருந்தைக் குருவிக்கு ஒரு நாளில் இரண்டு முறை கொடுக்க வேண்டிவரும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சூடு. குருவி தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதன் உடம்பு நம் உடம்பைவிடச் சூடு. உடும்பால் அது முடியாது. வெளியே என்ன இருக்கிறதோ அதுதான் உள்ளேயும். பாறை சுட்டால் உடும்பு சுடும். அறை குளிர்ந்தால் உடும்பு குளிரும், குடல் நின்றுவிடும், தின்றது வயிற்றிலேயே அழுகும், ஊசியில் போன மருந்தும் வேலை செய்யாது. அதனால்தான் எங்கள் வார்டில் ஊர்வன எது வந்தாலும் முதல் மருந்து ஹீட் லேம்ப். இரண்டாவதுதான் ஊசி.

இதெல்லாம் தெரிந்தும் நான் செய்ததைச் சொல்லத்தான் இந்த முன்னுரை.

அந்த வாரம் என் நிலையையும் சொல்ல வேண்டும், சாக்காக அல்ல. என் பெண்ணுக்கு அப்போது ஏழாவது மாதம் ஆரம்பித்திருந்தது. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் கணவரிடம் அவளை விட்டுவிட்டு வந்திருந்தேன். பாட்டிலில் கொடுத்தால் துப்புகிறாள். எப்போது குடித்தாள், எத்தனை அவுன்ஸ், எப்போது தூங்கினாள் என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதச் சொல்லியிருந்தேன். மணிக்கு ஒருமுறை போன் செய்து அதை வாசிக்கச் சொல்வேன்.

"இப்போ எத்தனை குடிச்சா?"

"ரெண்டு அவுன்ஸ். தூங்கிண்டிருந்தா. உன் போன் அடிச்சுதான் முழிச்சுண்டுட்டா."

"அழறாளா?"

"இப்போ அழறா."

போனை வைத்ததும் ஜெஸ்டின் கூண்டு கழுவியபடியே சொல்வார்: "மேடம், இந்த உடும்பு ஒரு மூச்சு விடுறதுக்குள்ள நீங்க ரெண்டு தடவை வீட்டுக்கு அடிச்சிருதீங்க."

3. பத்து நிமிஷம்

எங்களிடம் ஹீட் லேம்ப் இரண்டு உண்டு. ஒன்று முந்தைய வாரமே ஃபியூஸ். புதியது வெள்ளிக்கிழமைக்கு முன் வராது என்று ஸ்டோரிலிருந்து சொல்லியிருந்தார்கள். இருந்த ஒன்று உடும்பின் மேல் எரிந்துகொண்டிருந்தது. வெளியே ஐப்பசித் துலாமழை. மூன்று நாளாக வெயில் இல்லை. அறையின் தெர்மாமீட்டர் இருபத்துநான்கைத் தாண்டவில்லை.

திங்கட்கிழமை பதினொன்றே முக்காலுக்கு நான் சேலைப்பெட்டியைத் திறந்தேன். திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை, அதனால் திறந்தேன். சத்தம் இருந்திருந்தாலும் திறந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. குருவி இறகையெல்லாம் உப்பிக்கொண்டு பந்து மாதிரி நின்றது. கண் பாதி மூடியிருந்தது. குளிர்கிறது என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் எனக்கே குளிரெடுத்தது.

திரும்பிப் பார்த்தேன். நான்கடி நீளத்துக்கு உடும்பு, அதே இடத்தில், அதே தாடை, அதே கல் போன்ற கிடப்பு. அதற்கு எதுவும் ஆனமாதிரி தெரியவில்லை. விளக்கைக் கழற்றி வந்து பெட்டிக்கு மேலே ஒரு முழ உயரத்தில் மாட்டினேன். பத்து நிமிஷம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

குருவி கண்ணைத் திறந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தது. அந்தக் கட்டை வால் ஒருமுறை மேலும் கீழும் ஆடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது எடுத்தால் மறுபடி கண்ணை மூடிவிடுமே என்று இன்னும் பத்து நிமிஷம், பிறகு இன்னும் பத்து. டாக்டர் வரும் காலடி கேட்டபோது மணி ஒன்றேகால். விளக்கு அவசர அவசரமாக உடும்புக்குத் திரும்பியது.

டாக்டர் குருவியைப் பார்த்து, "பரவாயில்லையே, முழிச்சிருக்கு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஷீட்டில் ஹீட் லேம்ப் என்ற கட்டத்தில் ஒரு நாளைக்கு இரண்டு டிக், காலை பத்து, மாலை நான்கு. பத்து மணிக்கு விளக்கு உடும்பின் மேல் இருந்தது. நான்கு மணிக்கும் இருந்தது. இரண்டு டிக்கும் உண்மை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ஒரு வன அலுவலகத்துக்குப் போயிருந்தார். அன்று இரண்டு முறை விளக்கை எடுத்தேன். காலையில் ஒன்றரை மணி நேரம், மதியம் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஜெஸ்டின் கவனித்தார்.

"லேம்ப் எங்க போச்சு மேடம்?"

"பத்து நிமிஷம் ஜெஸ்டின். குருவிக்குக் குளிர்றது."

"இவனுக்கு முட்டை அடிச்சு ட்யூப்ல விட்டிருக்கு. சூடு இல்லன்னா செமிக்காது கேட்டீங்களா."

"அவன் தாங்குவான். இதைப் பாருங்க, ஒரு கைப்பிடிகூட இல்லை."

ஜெஸ்டின் என்னைப் பார்த்தார், குருவியைப் பார்த்தார், தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஷீட் எழுதுகிறவள் நான். ஷீட் எழுதுகிறவள் சொன்னால் அவர் என்ன செய்வார்.

4. புதன்கிழமை

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஜெஸ்டின் உடும்பின் வாயைத் திறந்து பிடிக்க, அடித்த முட்டையில் அரைத்த இறைச்சி கலந்து ட்யூப்பில் விட்டோம். டிக் போட்டேன். டாக்டர் தன் அறையில் இருந்தார்; பத்தேகாலுக்கு விளக்கை எடுத்தேன். குருவி முந்தைய நாளைவிடச் சோர்ந்திருந்தது. புழு கொடுத்தால் ஒன்று வாங்கி இரண்டைக் கீழே போட்டது. அதை விளக்கடியில் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டிலிருந்து போன். குழந்தைக்கு உடம்பு கதகதவென்று இருக்கிறது, நூறு காட்டுகிறது என்றார் கணவர். வரட்டுமா என்றேன். வேண்டாம், சிரப் கொடுத்திருக்கிறேன், அரைமணியில் மறுபடி பார்த்துச் சொல்கிறேன் என்றார். அதற்குப் பிறகு ஒன்றேமுக்கால் வரை நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. போனைப் பார்த்தேன், பெட்டியைத் திறந்தேன், மூடினேன், போனைப் பார்த்தேன்.

ஒன்றேமுக்காலுக்கு நாற்றம் வந்தது. அழுகின முட்டை நாற்றம். உடும்பின் வாயோரம் மஞ்சளாக வழிந்திருந்தது. முன்னே ஒரு குட்டை. காலையில் கொடுத்தது கிட்டத்தட்ட அப்படியே, கூடவே முந்தின நாளுடையதும். வால் அடியில் வீக்கம் காலையில் பார்த்ததைவிட இறுகி, தோல் பளபளத்தது. கண் திறந்தே இருந்தது, கையை ஆட்டினேன், இமைக்கவில்லை.

நான் முதலில் செய்தது விளக்கைத் திருப்பி வைத்தது. டாக்டரைக் கூப்பிட்டது அதற்குப் பிறகு. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இந்தப் பக்கத்தை மூன்று முறை மாற்றி எழுதிப் பார்த்தேன். விட்டால் மற்றதெல்லாம் எழுதியதில் அர்த்தமில்லை.

டாக்டர் வந்து குனிந்தார். "எந்தா இது? காலைல கொடுத்தது அப்படியே வந்திருக்கே. ஷீட் எடு வைதேகி."

கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"ஊசி சமயத்துக்குப் போயிருக்கு. டோஸ் சரி. சூடு, டிக் இருக்கு." ஜெஸ்டினைப் பார்த்தார். "லேம்ப் நடுவுல ஆஃப் ஆச்சா?"

ஜெஸ்டின் கையுறையோடு உடும்பின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு நொடி என்னைப் பார்த்தார். "ஷீட்ல எழுதியிருக்குல்லா டாக்டர்" என்றார்.

டாக்டர் அதன் முதுகைத் தொட்டார். இருபது நிமிஷமாக விளக்கின் கீழ் இருந்த முதுகு, வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கும். நிமிர்ந்து, "அப்போ மருந்து கேட்கல. ரத்தத்துல பரவ ஆரம்பிச்சிருக்கு. வேற வழியில்ல, ஸ்ட்ராங்கா ஒண்ணு போடணும். கிட்னிக்கு நல்லதல்ல, எனக்கும் இஷ்டமில்ல. ஆனா இப்படியே விட்டா நாளைக்கு இருக்காது" என்று மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னார்.

அளந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. எடுத்தேன். சிரிஞ்சில் குமிழி போக விரலால் தட்டினேன். கை பழக்கத்தில் எல்லாம் சரியாகவே செய்தது. குளிர்ந்த உடம்பில், தண்ணீர்ச் சத்து வற்றிய நிலையில், அந்த மருந்து போனால் சிறுநீரகம் என்ன ஆகும் என்பது பாடத்தில் அடிக்கோடிட்டுப் படித்தது. டாக்டருக்கும் தெரியும். ஆனால் உடும்பு குளிர்ந்திருக்கிறது என்பது டாக்டருக்குத் தெரியாது. அந்த அறையில் அது தெரிந்தவர்கள் நானும் ஜெஸ்டினும்தான், ஜெஸ்டின் எனக்காக வாயை மூடிக்கொண்டுவிட்டார்.

டாக்டர் முன்காலைப் பிரித்துப் பிடித்து இன்னொரு கையை நீட்டினார். "தா."

வேலை போய்விடும் என்று நினைத்தேன். திரும்பி வந்து மூன்றாம் நாள். குழந்தை பிறந்ததிலிருந்து இவளுக்கு எதிலும் புத்தி நிற்கவில்லை என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். சொன்னால் தப்பா, ஒருவேளை விளக்கு காரணமே இல்லையா, நான் சொல்லி ஊசி போடாமல் விட்டு, அதனாலேயே செத்தால்? அந்தப் பக்கமும் தோன்றியது. எனக்கு எப்போதும் இரண்டு பக்கமும் தோன்றும்.

"டாக்டர், போட வேண்டாம்" என்றேன். "காலைல பத்தேகால்லேர்ந்து இதுக்கு மேல லேம்ப் இல்லை."

"இப்ப இருக்கே."

"உங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடி நான்தான் திருப்பி வெச்சேன்."

டாக்டர் பிடித்திருந்த முன்காலை விட்டார்.

"நேத்து?"

"நேத்து ரெண்டு தடவை எடுத்தேன். திங்கக்கிழமை ஒரு தடவை, ஒன்றரை மணி நேரம்."

"ஷீட்?"

"பத்துக்கும் நாலுக்கும் இருந்துது. இருந்தப்போ டிக் போட்டேன்."

டாக்டர் தெர்மாமீட்டரை எடுத்து, வால் அடியில் உள்ளே செலுத்திக் காத்திருந்தார். இருபத்துநான்கு. அறை என்னவோ அதுவேதான். முதுகில் மட்டும் வெதுவெதுப்பு, உள்ளே குளிர்ந்த கிணறு.

என் கையிலிருந்த சிரிஞ்சை வாங்கி அப்படியே ஒதுக்கி வைத்தார். "மருந்து தோற்கல. மருந்துக்கு வேலை செய்ய சூடு கிட்டியில்ல. இதைப் போட்டிருந்தா நானே கொன்னிருப்பேன், கேட்டோ. உன் ஷீட்டை நம்பி நான் கொன்னிருப்பேன்." பிறகு கேட்டார்: "லேம்ப் எங்க இருந்தது?"

நான் கையைக் காட்டினேன்.

சேலைப்பெட்டியைத் திறந்தார். குருவி அலகைத் திறந்து வைத்துக்கொண்டு, சிறகுகளை உடம்பிலிருந்து விலக்கி நின்றது. அது வெக்கையில் தவிக்கும் பறவையின் நிற்பு. அரைமணி முன்பு நானும் அதைப் பார்த்தேன். பசியில் வாயைத் திறக்கிறது என்று நினைத்துப் புழுவை எடுக்கப் போயிருந்தேன்.

"தலைல அடிபட்டதுக்குச் சூடு கொடுக்கலாமோ?"

"கூடாது."

"தெரியும், அல்லே?"

"தெரியும். குளிர்றதுன்னு நெனச்சேன்."

"இதுக்குத் தன் சூடு தானே உண்டாக்கத் தெரியும், வைதேகி. நம்மகிட்டேருந்து இதுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, மூடின பெட்டியை மூடியே வைக்கறது. அவனுக்குத்தான் நாம தர்ற சூட்டைத் தவிர வேற சூடு கிடையாது."

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

5. பதில்கள்

குருவி வியாழக்கிழமை காலை செத்துக் கிடந்தது. டாக்டர் அறுத்துப் பார்த்தார். மண்டைக்குள் ரத்தம் உறைந்திருந்தது.

"நான் சூடு காட்டினதாலயா?"

"கண்ணாடில இடிச்சபோதே ஆகியிருக்கலாம். சூட்டில கூடியிருக்கலாம். தெரியாது." கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஆறுதலுக்காக தெரியாதுன்னு சொல்லல. உண்மையிலே தெரியாது."

இன்றுவரை அந்தக் கேள்விக்கு எனக்கு அதுதான் பதில். ஜவுளிக்கடைப் பெண் சனிக்கிழமை வந்து கேட்டாள். செத்துவிட்டது என்று சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

உடும்பு உடனே பதில் சொல்லவில்லை. புதன் மதியமே அதைப் பக்கத்துச் சின்ன அறைக்கு மாற்றி, ஜெஸ்டின் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெந்நீர்ப் பைகளைச் சுற்றி வைத்து, விளக்கின் கீழ் மெல்ல மெல்லச் சூடேற்றினோம். வெதுவெதுப்பான குளூக்கோஸ் உப்பு நீரைத் தோலுக்கடியில் ஏற்றினார் டாக்டர். உள்சூடு முப்பதைத் தாண்டியதும் பழைய ஊசியையே, அதே அளவில் போட்டார். அவ்வளவுதான் சிகிச்சை. அதற்குப் பிறகு காத்திருப்பு.

தீனி கொடுக்க வேண்டாம் என்றார். இரண்டு நாள் ஆனது, நான்கு நாள் ஆனது. நான் தினமும் கேட்டேன். "கொஞ்சம் முட்டை வெள்ளை மட்டும்?"

"பட்டினில இது சாகாது. நீ பயந்து குடுத்தா சாகும்."

அந்த வார ஷீட்டில் மூன்று நாட்களுக்கும் விளக்கை எடுத்த நேரத்தையும் திரும்ப வைத்த நேரத்தையும் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அது மேலே போனது. எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. ஜெஸ்டினிடம், எனக்காக ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சொல்ல இம்புட்டு நேரம் ஆவும்னு நெனைக்கல" என்றார்.

வீட்டில் சொன்னபோது கணவர், "நீ வேணும்னு பண்ணலையே" என்றார்.

"வேணும்னு பண்ணலைங்கறது உடும்புக்குத் தெரியுமோ?" என்றேன். குழந்தையின் ஜுரம் மறுநாளே இறங்கிவிட்டிருந்தது.

பதினோராம் நாள் காலை ஜெஸ்டின் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்தார். "மேடம், பாருங்க." உடும்பின் முதல் எச்சம். கறுப்பும், கூடவே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையும். குடல் நகர்கிறது, சிறுநீரகம் வேலை செய்கிறது என்பதற்கு எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. டாக்டர் வந்து பார்த்து, தட்டை இப்படியும் அப்படியும் திருப்பி, அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அண்ணாச்சிக்கு போன் செய்து சொன்னேன். "அதுக்கா யம்மா போன் பண்ணுதீங்க" என்று அவரும் சிரித்தார். வால் நுனி ஒரு சாண் அளவுக்குக் காய்ந்து விழுந்தது. மற்றது ஆறியது. முழுதாக ஆற இரண்டு மாதம் ஆனது.

இப்போது எங்கள் ஷீட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. ஒரு பேஷண்டிடமிருந்து எதை எடுத்தாலும், விளக்கோ தண்ணீர்த் தட்டோ துணியோ, எடுத்த நேரம், திரும்ப வைத்த நேரம், எதற்காக எடுத்தது. கொடுத்ததை எல்லோரும் எழுதுவோம், எடுத்ததை யாரும் எழுதுவதில்லை. புதிதாக வருகிறவர்களிடம் நான் இந்தக் கட்டத்தைக் காட்டித்தான் ஆரம்பிக்கிறேன். சின்னதைப் பார்த்தால் நம் கை தானாக அங்கே போகும். போகும்போது யாரிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். அசையாமல் கிடப்பதால் அதற்கு ஒன்றும் வேண்டாம் என்று ஆகாது. கத்தாததால் வலிக்கவில்லை என்றும் ஆகாது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

மழை முழுதாக விட்டபிறகு ஒரு நாள் காலை, வனத்துறை அனுமதியோடு உடும்பை மலையடிவாரத்துக்குக் கொண்டுபோனோம். நானும் ஜெஸ்டினும் ஒரு வனக் காவலரும். பெட்டியைத் திறந்ததும் அது பாய்ந்து ஓடும் என்று காவலர் போனைக் கையில் பிடித்தபடி நின்றார். உடும்பு நான்கு எட்டு வைத்து வெளியே வந்து, வெயில் விழும் ஒரு பாறை மேல் ஏறி, உடம்பைத் தட்டையாக்கிப் படுத்துவிட்டது.

ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது.

"எந்தா, வய்யே இதுக்கு?" என்றார் காவலர், உடம்புக்கு முடியவில்லையா என்று.

ஜெஸ்டின் ஒரு குச்சியை ஒடித்தார். "லேசா ஒரு தட்டு தட்டுனா போயிரும்."

"வேண்டாம் ஜெஸ்டின்."

"வண்டி காத்துக்கிட்டு இருக்கு மேடம். எம்புட்டு நேரம் நிக்கது?"

"அதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

என் கை எத்தனை முறை அதன் பக்கம் போகப் பார்த்தது என்று எனக்குத்தான் தெரியும். துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பத்தைந்து நிமிஷத்துக்குப் பிறகு அது தலையைத் தூக்கியது. நாக்கை ஒருமுறை நீட்டியது. பிறகு பாறையிலிருந்து இறங்கி, நுனி போன வாலை இழுத்துக்கொண்டு, வேகமாக, புதருக்குள் போய்விட்டது.

அது கிடந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பாறை சுட்டது.